முப்பதுகளில் வெளிநாட்டு வேலை: மொரிஷியசா, தென்னாப்பிரிக்காவா, ரீயூனியனா?

முப்பத்து நான்கு வயதில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டால், அது அவர் ஒருவருக்கான கையெழுத்து அல்ல. வாழ்க்கைத் துணையின் வேலை, குழந்தையின் பள்ளி, ஊரில் இருக்கும் பெற்றோரின் மருத்துவம், இன்னும் பல வருடம் ஓட வேண்டிய வீட்டுக் கடன் எல்லாம் அந்த ஒரே தாளில் வந்து சேர்ந்துவிடுகின்றன. இருபத்தைந்தில் போய், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். முப்பத்தெட்டில் திரும்பி வந்தால், விட்டுப் போன இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதனால் இந்த ஒப்பீட்டில் சம்பளத்தை இரண்டாவது கேள்வியாகத்தான் வைக்கிறோம். முதல் கேள்வி அனுமதி பற்றியது: அது எந்த முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது, துணைக்கு வேலை செய்யும் உரிமை தருகிறதா, அது கைக்கு வர எத்தனை மாதம் பிடிக்கும்.

வளைகுடாவையும் சிங்கப்பூரையும் பற்றிக் கேட்டால் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவர் பதில் சொல்வார். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்த மூன்று இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல ஆளில்லை. மூன்றிலும் தமிழர் வாழ்ந்து பல தலைமுறை ஆகிறது. ஆனால் தமிழர் இருக்கிறார்கள் என்பதற்காகத் தமிழ் பேசிக் காலம் தள்ளலாம் என்று எண்ணிவிட வேண்டாம். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு; கடையிலும் பேருந்திலும் பேச்சு, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான். டர்பனில் கோவேந்தர், பிள்ளை, மூட்லி, நாயுடு என்று பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். வீட்டுக்குள் பேசுவது ஆங்கிலம். ரீயூனியனில் ‘மல்பார்’ என்று அழைக்கப்படும் நம்மவர்கள் தீமிதியும் காவடியும் விடாமல் நடத்துகிறார்கள். பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். கோயில், வாழையிலைச் சாப்பாடு, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை இவை கிடைக்கும். அவை மனதுக்கு ஆறுதல். வேலைக்கான தகுதி வேறு.

மொரிஷியஸ்: எளிதாகத் திறக்கும் கதவு, சிறிய வீடு

மொரிஷியஸுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏஜென்ட்கள் இந்த இரண்டையும் குழப்பியே பேசுவார்கள் என்பதால் இதை நன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று, தொழிலாளர் அமைச்சகம் தரும் பணி அனுமதி. கட்டுமானம், ஆடைத் தொழிற்சாலை, பேக்கரி போன்ற இடங்களுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் இந்த வழியில். மற்றொன்று ‘ஆக்குபேஷன் பெர்மிட்’ என்ற ஓ.பி. பொருளாதார வளர்ச்சி வாரியம் வழியாக விண்ணப்பிப்பது. வேலை செய்யும் உரிமையும் வசிக்கும் உரிமையும் ஒரே அனுமதியில் வரும். முப்பதுகளில் குடும்பத்தோடு போகிறவர் ஓ.பி.யை மட்டுமே நோக்க வேண்டும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. 2020-இல் செய்த மாற்றத்திலிருந்து ஓ.பி. வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ வேலை செய்யத் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்தச் சலுகை கிடையாது. இருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானித்துவிடும். விதிகள் ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு மாறுகின்றன. ஆகவே துணைக்கு வேலை தேடத் தொடங்கும் முன் வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.பி.க்கு ஒரு குறைந்தபட்ச சம்பளம் உண்டு. முன்பு பெரும்பாலான துறைகளுக்கு மாதம் 60,000 மொரிஷியஸ் ரூபாயாக இருந்தது பின்னர் 30,000-ஆகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் மாதத்தில் வாரியத்தின் தளத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் கணக்கு. கவனிக்க வேண்டிய சொல் ‘பேசிக்’. வேலைக் கடிதத்தை விரித்து வைத்துப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம் 27,000, பயணப்படி 6,000, வீட்டுப்படி 7,000, மொத்தம் 40,000 என்று இருக்கும். வரம்பு 30,000 என்றால் மொத்தம் அதைத் தாண்டுகிறது, அடிப்படை தாண்டவில்லை. இப்படிப்பட்ட கடிதத்தோடு போனால் விண்ணப்பம் திரும்பிவிடும். கையெழுத்துப் போடும் முன்பே படிகளைக் குறைத்து அடிப்படையை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். மொத்தச் செலவு பெரிதாகக் கூடாது என்பதால் நிறுவனங்கள் பெரும்பாலும் சம்மதிக்கும். உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது: மிகைநேர ஊதியம் போன்ற பல கணக்குகள் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே ஓடுகின்றன.

வரி விஷயத்தில் மூன்று இடங்களிலும் மொரிஷியஸ்தான் இலகு. 2025 ஜூலையிலிருந்து ஆண்டு வருமானத்தில் முதல் 5 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 5 லட்சத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். மாதம் ஒரு லட்சம் மொரிஷியஸ் ரூபாய் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி ஆண்டு இறுதி போனஸ் உண்டு என்பதால் பதின்மூன்று மாதச் சம்பளம், 13 லட்சம். வரி: 50,000 + 60,000 = 1,10,000. நூற்றுக்கு எட்டரை. அதோடு சி.எஸ்.ஜி. என்ற சமூகப் பங்களிப்பு, மாதம் 50,000-க்கு மேல் வாங்குகிறவருக்கு 3 சதவீதம். அந்த போனஸில் முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். சம்பளம் பேசும்போது ‘பதின்மூன்றாவது மாதம்’ என்று அதை ஒரு சலுகைபோலக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது சட்டம் தருவது.

ஒரு மொரிஷியஸ் ரூபாய் இந்திய ரூபாயில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லட்சம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் என்று மனம் குதிக்கும். ஆனால் அரிசி, பருப்பு, கார், துணி, மருந்து எல்லாமே கப்பலில் வருகின்றன, 15 சதவீத வாட் உண்டு. காத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 15,000 முதல் 25,000 வரை ஆகும். எபென் சைபர் சிட்டியை ஒட்டியோ கடற்கரையிலோ வேண்டுமென்றால் அதற்கு மேல். போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரை மெட்ரோ ஓடுவதால், அந்தத் தடத்தில் வீடு பார்த்தால் முதல் ஆண்டு காரே வாங்காமல் சமாளிக்கலாம். கார் விலை இங்கே கடுமை. வந்த மாதமே கடன் போட்டு வாங்குகிறவர்கள் சேமிப்பைத் தொலைக்கிறார்கள்.

யாருக்கு நல்லது? மென்பொருள், பின்னணிச் சேவை மையங்கள், பன்னாட்டு நிறுவனங்களுக்கான நிதி நிர்வாகம், கணக்கு, ஹோட்டல் துறை ஆட்களுக்கு. கணக்காளர் என்றால் எம்.ஐ.பி.ஏ. என்ற அந்நாட்டுத் தொழில்முறைக் கணக்காளர் நிறுவனத்தில் பதிவு வேண்டும். பொறியாளருக்கும் மருத்துவருக்கும் தனித்தனிக் கவுன்சில்கள். யாருக்கு நல்லதல்ல? கனரகத் தொழில், ஆராய்ச்சி, சிறப்பு உற்பத்தித் துறைகளில் இருப்பவருக்கு. பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் நாடு இது. உங்கள் துறையில் மொத்தம் நான்கைந்து முதலாளிகளே இருக்கலாம். ஓ.பி. அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும், புதிய முதலாளிக்குப் புதிய விண்ணப்பம் போட வேண்டும். சின்ன ஊரில் ஒரு நிறுவனத்தோடு கசந்து பிரிந்தால் அடுத்த நிறுவனத்துக்கு மதியத்துக்குள் செய்தி போய்விடும். நிரந்தரக் குடியிருப்புக்கான சம்பள வரம்பு சாதாரண ஓ.பி.க்காரர் எட்டும் உயரத்தில் இல்லை. ஐந்தாறு ஆண்டு உழைத்து, சேமித்து, அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்கான இடமாக இதை எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

குழந்தைகளின் தமிழுக்கு மூன்றில் இதுவே மேல். அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்பிலிருந்தே தமிழ் ஒரு பாடம். கேம்பிரிட்ஜ் தேர்வு வரை தொடரலாம். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூனில் குடும்பத்தை அழைத்துப்போனால் குழந்தை நடு ஆண்டில், புரியாத கிரியோல் பேச்சுக்கு நடுவில் போய் உட்காரும்.

தென்னாப்பிரிக்கா: கடினமான கதவு, பெரிய வீடு

இங்கே வேலைச் சந்தை பெரிது. வங்கி, சுரங்கம், மின்சாரம், மருத்துவமனை, கார் உற்பத்தி என்று ஒரு துறைக்குள்ளேயே பல முதலாளிகள் இருக்கிறார்கள். வேலை விசாவில் ஐந்து ஆண்டு இருந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. ஆனால் உள்ளே நுழைய ஆகும் உழைப்பு மொரிஷியஸைவிட மூன்று மடங்கு.

2024 அக்டோபரிலிருந்து புள்ளி முறை நடைமுறையில் இருக்கிறது. தேவை 100 புள்ளி. அரசு வெளியிட்டிருக்கும் அரிய திறன் பட்டியலில் உங்கள் தொழில் இருந்தால் அதற்கே 100 கிடைத்துவிடும். பொறியியல் பிரிவுகள் பலவும் தகவல் தொழில்நுட்ப வேலைகள் சிலவும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாதவர் கூட்டிப் பார்க்க வேண்டும். முதுகலை, முனைவர் பட்டத்துக்கு (அவர்கள் கணக்கில் 9, 10-ஆம் நிலை) 50. இளங்கலை அளவுக்கு 30. ஆண்டுச் சம்பளம் 6,50,976 ரேண்டுக்கு மேல் என்றால் 20, 9,76,194 ரேண்டுக்கு மேல் என்றால் 50. ஐந்து முதல் பத்தாண்டு அனுபவத்துக்கு 20, அதற்கு மேல் 30. அரசின் நம்பகமான முதலாளிகள் பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால் 30. ஆங்கிலத்துக்கு 10.

பட்டியலில் இல்லாத ஒரு மேலாளரை எடுத்துக்கொள்வோம். பி.காம், பதினொரு வருட அனுபவம், 7 லட்சம் ரேண்ட் சம்பளம். 30 + 30 + 20 + 10 = 90. பத்து புள்ளியில் விசா கைநழுவும். அதே ஆள் நம்பகமான முதலாளியிடம் போனால் 120. அவரே எம்.காம் முடித்திருந்தால் 110. ஆகவே முப்பதுகளில் இருப்பவர் வேலை தேடத் தொடங்கும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுவிட வேண்டும். 90-இல் நிற்பவர் நம்பகமான முதலாளிகள் பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தால் நேரம் மிச்சமாகும்.

அடுத்தது படிப்பு மதிப்பீடு. சாக்கா என்ற தகுதி ஆணையம் உங்கள் பட்டம் அந்நாட்டின் எந்த நிலைக்குச் சமம் என்று சான்று தரும். அதற்காக அவர்கள் பல்கலைக்கழகத்திடம் உறுதி கேட்பார்கள். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து பதில் போவதில்தான் பெரும்பாலும் தாமதம். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு முன்கூட்டியே பணம் கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு, யாராவது நேரில் போய்க் கேட்க ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பொறியாளருக்கு இன்னொரு படி: எக்சா என்ற பொறியியல் கவுன்சில். தென்னாப்பிரிக்கா 1999-இலும் இந்தியா 2014-இலும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் சேர்ந்தன. ஒப்பந்த நாட்டுப் பட்டத்தை மறுபரிசீலனை இல்லாமல் ஏற்பார்கள் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த ஏற்பு, இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் ‘டயர்-1’ அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும். அதுவும் அங்கீகாரம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் முடித்தவர்களுக்கு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள் பெரும்பாலும் டயர்-2. இப்போது முப்பத்தைந்து வயதாகும் ஒருவர் 2012 வாக்கில் பட்டம் முடித்திருப்பார். இந்தியா உள்ளே வந்ததே அதற்குப் பிறகு. ஆகவே பாடத்திட்டத்தை முழுதாகக் கொடுத்துத் தனி மதிப்பீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, கல்லூரியில் அந்தக் காலத்துப் பாடத்திட்ட நகலை இப்போதே முத்திரையோடு வாங்கிவிடுங்கள். பழைய ஒழுங்குமுறைப் பாடத்திட்டங்கள் கல்லூரி இணையதளத்தில் இருந்து காணாமல் போய்க்கொண்டே இருக்கின்றன.

வாழ்க்கைத் துணை விஷயத்தில் தென்னாப்பிரிக்கா கடுமை. உடன் வரும் விசாவில் வேலை செய்ய முடியாது. துணைக்கும் அரிய திறன் இருந்தால் அவருக்குத் தனி விண்ணப்பம், தனி சாக்கா, தனிப் பதிவு. பள்ளி வயதுக் குழந்தைக்குப் படிப்பு விசா வேண்டும். அதற்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் முன்னதாகவே வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துச் சென்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கேட்கப்படும்.

இனி, முப்பதுகளுக்கென்றே உள்ள ஒரு விதி. வேலைக் கடிதத்தில் ‘மெடிக்கல் எய்ட்’ என்றிருப்பது தனியார் மருத்துவத் திட்டம். அது இல்லாமல் குடும்பத்தோடு அங்கே இருக்கக் கூடாது. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர் முதன்முறையாக அப்படியொரு திட்டத்தில் சேர்ந்தால், தாமதமாகச் சேர்ந்ததற்கான கூடுதல் கட்டணம் விதிக்கத் திட்டத்துக்கு உரிமை உண்டு. கணக்கு இப்படி: உங்கள் வயதிலிருந்து 35-ஐயும், ஏற்கெனவே அங்கே உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் கழியுங்கள். மீதி 1 முதல் 4 வரை என்றால் 5 சதவீதம் கூடுதல். 5 முதல் 14 வரை என்றால் 25 சதவீதம். அதாவது 39 வயதில் சேர்ந்தால் 5, 40 வயதில் சேர்ந்தால் 25. ஒரு முறை விழுந்தால் உறுப்பினராக இருக்கும் வரை மாதாமாதம் கட்ட வேண்டும். இதில் துணைவியார் வயதும் தனியாகப் பார்க்கப்படும். பொதுவாக மூன்று மாதக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கர்ப்பத்துக்கும் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பும் வரலாம். இரண்டாவது குழந்தை திட்டமிடும் தம்பதிகள் இந்தப் பன்னிரண்டு மாதத்தை நாட்காட்டியில் குறித்துவிட்டுத்தான் பயணத் தேதியைப் பேச வேண்டும். பெரிய நிறுவனங்கள் மொத்தக் குழுவாகச் சேர்க்கும்போது இந்த நிபந்தனைகளைத் தளர்த்தி வாங்குவதுண்டு. மனிதவளத் துறையிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வரி: 2025-26 வரியாண்டு அட்டவணைப்படி 8 லட்சம் ரேண்ட் வருமானத்துக்கு வரி சுமார் 2,11,400 ரேண்ட். நூற்றுக்கு இருபத்தாறரை. மாதம் கைக்கு ஏறத்தாழ 49,000 ரேண்ட். ஒரு ரேண்ட் ஐந்து இந்திய ரூபாயை ஒட்டி நிற்கிறது, ஆனால் மொரிஷியஸ் ரூபாயைவிட அதிகமாக ஏறி இறங்கும், ஊருக்கு இ.எம்.ஐ. அனுப்புகிறவர் இன்றைய விகிதத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்தே கணக்குப் போட வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலும் டர்பனிலும் கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. பாதுகாப்பு நிறுவனத்துக்கு மாதக் கட்டணம், சுற்றுமதில் உள்ள குடியிருப்பு, இன்வெர்ட்டர் இவையெல்லாம் வாடகையின் பகுதி என்றே எண்ணுங்கள். மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது. தண்ணீர்த் தடை இரு நகரங்களிலும் தொடர்கிறது. வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இவ்வளவு சொல்லியும், அரிய திறன் பட்டியலில் இருப்பவருக்கும், துணை சில ஆண்டு வேலை செய்யாமல் இருக்கச் சம்மதிப்பவருக்கும் மூன்றில் இதுவே நீண்ட கால வாய்ப்பு. கட்டணம் வாங்கும் நல்ல அரசுப் பள்ளிகள், ஆங்கில வழிக் கல்வி, ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு நகரும் இடம் என்று நாற்பதுகளுக்குத் தேவையானவை இங்கே இருக்கின்றன.

ரீயூனியன்: சிலருக்கு மட்டும், ஆனால் அவர்களுக்கு மிக நல்லது

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பணம் யூரோ, சட்டம் பிரெஞ்சுச் சட்டம்: வாரம் 35 மணி நேரம், ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுப்பு. குறைந்தபட்ச ஊதியம் 2024 நவம்பரில் மணிக்கு 11.88 யூரோவானது. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள் ரீயூனியன் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவோடு போய் வேலை தேடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட், பிரெஞ்சு தெரியாது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். காரணம் எளிது. வெளிநாட்டவரை எடுக்க விரும்பும் முதலாளி, பொதுவாக அந்த வேலையை மூன்று வாரம் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விளம்பரம் செய்து, தகுந்த உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் பெருநிலப் பிரான்சைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உள்ள தீவில் அந்த மூன்று வாரத்தில் ஆள் கிடைத்துவிடும். ‘தாலான்’ என்ற திறனாளர் அட்டைக்கு அந்த விளம்பரம் தேவையில்லை, துணைக்கும் வேலை உரிமை உண்டு. ஆனால் 2025-இல் அதன் ஆண்டுச் சம்பள வரம்பு 39,582 யூரோ. சிறு நிறுவனங்கள் நிறைந்த தீவில் அந்தச் சம்பளத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பது அரிது. இந்திய நர்சிங் பட்டத்தை வைத்து நேரடியாக மருத்துவமனையில் சேர முடியாது.

யாருக்கு இது பொருந்தும்? புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கு. 1962-இல் ஆட்சி மாற்றம் சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் வாரிசுகள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விசா, அனுமதி, புள்ளி எதுவும் வேண்டாம். விமானத்தில் ஏறினால் போதும். அவர்களை மணந்த இந்தியப் பாஸ்போர்ட்காரர், புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, நீண்ட கால விசா பெற்றால் வேலை செய்யும் உரிமையும் சேர்ந்தே வரும். திருமணப் பதிவு மாதக்கணக்கில் இழுக்கும். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் வேலை காத்திருக்காது. பிரெஞ்சில் பி1 என்ற இடைநிலை அளவாவது எட்டிவிட்டுப் புறப்படுங்கள். பாரிஸுக்கே எல்லோரும் ஓடுகிறார்கள். பெற்றோருக்குத் தட்பவெப்பமும் உணவும் கோயிலும் ஒத்துப்போவதைப் பார்த்தால் செயின்ட் ஆந்த்ரே, செயின்ட் டெனி பக்கம் ஒரு முறை யோசிப்பது நல்லது. விலைவாசி ஒன்றுதான் கடிக்கும்: பிரெஞ்சுப் புள்ளியியல் துறையின் 2022 ஒப்பீட்டில் உணவுப் பொருள் விலை பெருநிலத்தைவிட 37 சதவீதம் அதிகம்.

எந்தக் குடும்பத்துக்கு எது

கணவனும் மனைவியும் மென்பொருளிலோ கணக்கிலோ இருக்கிறார்கள், ஒரு குழந்தை, ஊரில் வீட்டுக் கடன் ஓடுகிறது என்றால் மொரிஷியஸ். இருவரும் சம்பாதிக்கலாம், வரி குறைவு, இந்தியாவோடு ஒன்றரை மணி நேரமே வித்தியாசம் என்பதால் மாலையில் பெற்றோரோடு பேசலாம். ஒருவர் மட்டும் பொறியாளர், மற்றவர் குழந்தைக்காக ஏற்கெனவே வேலையை விட்டவர், வயது 34-க்குள் என்றால் தென்னாப்பிரிக்கா. மருத்துவத் திட்டக் கட்டணத்தை நினைத்தால் ஒரு வருடம் முன்னதாகவே கிளம்புவது மேல். வயது 39, பட்டியலில் இல்லாத தொழில், துணையும் வேலை பார்க்க வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்கா வேண்டாம் என்றே சொல்வோம். சம்பள எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு வருமானம் நின்றுபோவதை அது ஈடுகட்டாது.

ஊரில் முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். தமிழர்களுக்கு வரும் தாமதத்தில் பெரும்பங்கு இதனால்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘ஆர். செந்தில்குமார்’, பட்டத்தில் ‘செந்தில்குமார் ஆர்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, திருமணச் சான்றிதழில் ‘செந்தில்குமார் ராஜேந்திரன்’. நான்கு தாளும் நான்கு ஆள்போலத் தெரியும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரை நிரப்பித் திருத்தி வாங்கி, மற்ற தாள்களில் உள்ள பெயர்களெல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணையுங்கள். துணை, குழந்தை தாள்களுக்கும் இதே வேலை. பாஸ்போர்ட்டைத் திருத்திய பிறகே, சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் முத்திரையான அபாஸ்டிலுக்கும் காவல் சான்றுக்கும் போக வேண்டும். வரிசை மாறினால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க நேரும்.

மூன்று இடங்களும் அபாஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பட்டச் சான்றிதழ் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். காவல் துறைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகத்தில். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஓராண்டுக்கு மேல் இருந்தவரிடம் அந்த நாட்டுச் சான்றும் கேட்கக்கூடும். காவல் சான்றும் மருத்துவச் சோதனைக்குக் கேட்கப்படும் எக்ஸ்ரேயும் பொதுவாக ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் அவை கடைசியில். பட்டமும் பிறப்புச் சான்றும் முதலில்.

வருமான வரிக்குப் புறப்படும் தேதி முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகிறவர் ஒரு நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டே வெளிநாடு வாழ்பவராகிறார். செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் அந்த எல்லைக்குள் வரலாம். அக்டோபரில் கிளம்பினால் அந்த ஆண்டின் வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கை, வெளிநாடு வாழ்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது. பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டை உங்கள் நிறுவனத்தின் குழுத் திட்டத்திலிருந்து தனித் திட்டமாக மாற்றும் வேலையை ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே தொடங்குங்கள். வேலையை விட்ட பிறகு அறுபது வயதைத் தாண்டியவருக்குப் புதுத் திட்டம் வாங்கினால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும்.

ஏஜென்ட் வழியாகப் போகிறவர், அந்த ஏஜென்ட் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான முகவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சங்களில் கேட்பவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

பெட்டியில் மருந்து எடுத்துச் செல்பவர்கள் கவனிக்க: ட்ராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவை மொரிஷியஸில் கட்டுப்பாட்டுக்குள் உள்ளவை. மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். மிக்ஸி, கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுபோகலாம், மூன்று இடங்களிலும் 230 வோல்ட்தான். தென்னாப்பிரிக்காவின் பழைய சுவர்ப் பொருத்திகளில் நம்முடைய பெரிய மூன்று முனை பிளக் அப்படியே சேரும். மொரிஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் அடாப்டர் வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தத்தில் மூன்று பிரிவுகளைத் தேடுங்கள். வேலை முடிந்தாலோ முடிக்கப்பட்டாலோ குடும்பம் முழுவதுக்கும் திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பது ஒன்று. பல கடிதங்களில் ‘ஊழியருக்கு’ என்று மட்டும் இருக்கும். பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் அறிவிப்போடு விலக்கலாம் என்பது இரண்டு. ஏழு நாள் என்றால் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதும் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் போடுவதும் அந்தக் காலம் முடிந்த பிறகு. அனுமதிச் செலவை நிறுவனம் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்பது மூன்று. எழுதியிருந்தால், அந்தத் தொகையை மாதத்துக்கு மாதம் குறைந்துவரும்படி மாற்றித் தரச் சொல்லி, திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகு இங்கே ராஜினாமா கொடுங்கள்.